காலி ஏழு, பூ மூணு

எங்கள் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை எழுதுவது என் வேலை. ஓவிய ஆசிரியைதானே, எழுத்து அழகாக இருக்கும் என்று சொல்லி, நான் சேர்ந்த முதல் வாரமே அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். கெட்டி அட்டையில் கட்டம் போட்டு, கறுப்பு மையில் பாடங்களின் பெயரை எழுதி, ஆசிரியர்கள் அறையில் ஆணியில் மாட்ட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், காலாண்டு விடுமுறைக்குச் சில நாள் இருக்கும்போது, ஹெட்மாஸ்டர் புது அட்டவணையைப் பென்சிலில் எழுதி என்னிடம் கொடுத்தார். நாலாம் வகுப்புக்கு இரண்டு, ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு என்று வாரத்தில் நாலு கட்டம் எனக்கு உண்டு. அந்த நாலிலும் 'ஓவியம்' இல்லை. 'கணக்கு' என்று இருந்தது.

"சார், என் பீரியட் நாலையும் காணோமே?"

"காணாமெல்லாம் போவலம்மா. கணக்குல புள்ளைங்க வீக்கா இருக்குன்னு கமிட்டியில கேக்குறாங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

நான் நிரந்தர ஆசிரியை இல்லை. அந்த நாலு கட்டம் இருக்கும்வரைதான் நானும் இருப்பேன். ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொள்வது, அட்டவணை எழுதுவது, விழாவுக்குப் பேனர் எழுதுவது எல்லாம் அந்த நாலோடு ஒட்டிக்கொண்டு வந்த வேலைகள். என் வேலையை நீக்கும் தாளை நானே அழகான எழுத்தில் எழுதி ஆணியில் மாட்ட வேண்டும்.

நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"ஒண்ணு பண்ணலாம். ஸ்கூல் தொறந்ததும் ஒரு ஆபீசர் அம்மா கம்ப்யூட்டரப் பாக்க வராங்க. நம்ம சின்னப் புள்ளைங்க அதுல படம் போடுதுங்கன்னு நான் லெட்டர்லயே எழுதிட்டேன். அவங்க பாத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா, கமிட்டிக்கிட்ட நான் பேசிக்குவேன். உங்க கட்டம் உங்களுக்கே. இல்லன்னா கணக்குதான். அதுவரைக்கும் அந்த நாலை மட்டும் எழுதாம வைங்க."

அப்படியே வைத்தேன். அட்டவணை முழுக்கக் கறுப்பு எழுத்து. நடுவில் நாலு வெள்ளைக் கட்டம்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தார்கள். அப்பா கல் உடைப்பார், அம்மா கூடையில் சுமந்து லாரியில் கொட்டுவாள். எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பத்தாவது முடித்துத் திருச்சிக்குப் போய்ப் படித்தேன். ஓவியத்தில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் முதல் தடவையிலேயே பாஸ். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். உயரத்தான் செய்யும்.

பிள்ளைகள் யாரிடமும் கலர் பென்சில் கிடையாது. அதனால் கையில் கிடைத்ததை வைத்துத்தான் என் வகுப்பு நடந்தது. அடுப்புக்கரி கறுப்புக்கு. செம்மண் சிவப்புக்கு. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வரும் தையல் டீச்சர் முந்திரி மரத்துப் பிசின் கொண்டுவந்து கொடுப்பார். அதை ஊறவைத்துச் செம்மண்ணோடு குழைத்தால் பூசிய இடத்தில் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக்கு அப்பா இருந்தார். குவாரியில் மிருதுவான கல்லாகப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுச் சைக்கிளில் கொண்டுவருவார். ஒவ்வொரு கல்லையும் பள்ளிக்கூடச் சிமெண்டுத் தரையில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

"இது எழுதும். இது கீறும். கீறுறத புள்ளைங்க கையில குடுத்துடாத, என்னா?"

கம்ப்யூட்டர் அந்த வருஷம்தான் வந்தது. பத்தாம் வகுப்புவரை உள்ள பள்ளிக்கூடம் என்பதால் ஒன்று கிடைத்தது. அதற்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்து, திரை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். எழுதியது நான். சென்னையில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்வந்த கணக்கு சாரிடம் அதன் சாவி இருந்தது. அதோடு ஒரு டிஸ்க்கும் வந்திருந்தது. அப்பளத்தைவிடக் கொஞ்சம் பெரிய, சதுரமான கறுப்பு அட்டை. அதைப் பெட்டிக்குள் செருகினால் திரையில் படம் போடலாம். அம்புக்குறி போட்ட பட்டன்களை அழுத்தினால் ஒரு சின்னக் கோடு நகரும். நீளப் பட்டனைத் தட்டினால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் விழும்.

முதல்நாள் அதைப் பார்த்ததும், "சார், இது நம்ம புள்ளைங்களோட கட்டம் போட்ட கணக்கு நோட்டுதானே?" என்றேன்.

"அட, ஆமா டீச்சர்," என்றார். அவர் நல்ல மனுஷர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஐந்தாம் வகுப்பை அழைத்துவரச் சொன்னார்.

முப்பது பிள்ளைகள், ஒரு பெட்டி. அதனால் முதலில் தரையில் வெள்ளைக் கல்லால் வரையச் சொன்னேன். பிறகு அதே படத்தைக் கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நிரப்பி முடித்த நோட்டுதான் கம்ப்யூட்டர் அறைக்கு அனுமதிச் சீட்டு. உள்ளே போனால் இன்னொரு சிக்கல். ஒரே பிள்ளை நோட்டையும் பார்த்துப் பட்டனையும் பார்த்தால் வரிசை தவறிவிடுகிறது. ஆகவே இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். ஒருத்தி நோட்டைப் படிப்பாள், இன்னொருத்தி அழுத்துவாள். வெறும் கட்டத்துக்குக் 'காலி' என்று சொல்லச் சொன்னேன். நிரப்பிய கட்டத்துக்கு அவர்களே 'பூ' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். "காலி ஏழு, பூ மூணு, காலி ரெண்டு, பூ ஒண்ணு" என்று அந்த அறையிலிருந்து சத்தம் வரும். பக்கத்து வகுப்பில் வரலாறு நடத்தும் சார் ஒருநாள் எட்டிப்பார்த்து, "என்ன டீச்சர், பூக்கடை ஏலமா?" என்றார்.

இதில் இரண்டு பேர் கெட்டிக்காரிகள். ஒருத்தி குவாரியில் வேலை பார்ப்பவர்களின் மகள். பேச்சுக் குறைவு, கண் கூர்மை. படிப்பது அவள். இன்னொருத்தி தவில்காரர் மகள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விரல் பெஞ்சில் தாளம் போடும். அழுத்துவது அவள்.

விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் ஆயுத பூஜை. மணி, ஏணி, கரும்பலகை, தையல் மிஷின், ஆசிரியர்களின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கம்ப்யூட்டர் அறைக்கு வந்ததும் ஹெட்மாஸ்டர், "இதுக்கு ஓவிய டீச்சரே வைக்கட்டும். அவங்க கைதான் நேரா வரும்," என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டி.வி. மாதிரி இருந்த திரையின் மேல்விளிம்பில் ஒன்று, பட்டன் பலகையின் ஓரத்தில் ஒன்று வைத்தேன். பிறகு அந்தக் கறுப்பு டிஸ்க்கைக் காகித உறையிலிருந்து எடுத்தேன். படம் எல்லாம் இதற்குள்தானே இருக்கிறது, இதை எப்படி விடுவது? கறுப்பு அட்டையில் எங்கே வைத்தாலும் எடுப்பாக இல்லை. அட்டையின் கீழ்ப்பக்கம் நீள்வட்டமாக ஒரு திறப்பு. அதற்குள் பழுப்பாக, வழவழவென்று மின்னியது. பொட்டு வைப்பதற்கென்றே விட்டதுபோல இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அங்கே வட்டமாக ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அளவெடுத்ததுபோல வந்தது. சூடம் காட்டியதும் உறைக்குள் பத்திரமாக வைத்து மூடினேன்.

விடுமுறை முடிந்து திறந்த அன்று காலை, கணக்கு சார் டிஸ்க்கைச் செருகினார். பெட்டிக்குள் 'கர்ர், கர்ர்' என்று தேங்காய் துருவுகிற சத்தம். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. திரும்பச் செருகினார். அதே சத்தம். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக அவர் சட்டையில் உதிர்ந்தது.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

அறையில் ஹெட்மாஸ்டர் இருந்தார், நான் இருந்தேன், வாசலில் பிள்ளைகள் இருந்தார்கள். "நான்தான் சார்," என்றேன்.

"டீச்சர், அந்த ஓட்டை வழியாத்தான் அது படிக்கும். அதுக்குக் கண்ணு மாதிரி. கண்ணுல கொண்டுபோயி சந்தனத்த அப்பிட்டீங்களே!"

இன்னொரு டிஸ்க் இல்லை. சென்னைக்கு எழுதிப் போட்டால் வர ஒரு மாதம் ஆகலாம். ஆபீசர் அம்மா வருவது வெள்ளிக்கிழமை. அன்று திங்கள்.

ஹெட்மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. சூடம் காட்டியது அவர் அல்லவா? "சரி, விடுங்க. அந்த நாலு கட்டத்தையும் எழுதிடுங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

கணக்கு சார் டிஸ்க் இல்லாமலே பெட்டியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"டிஸ்க் இல்லாம இது ஒண்ணும் செய்யாதா சார்?"

"எழுத்து வரும். ஒரு நம்பர் போட்டு, பிரிண்ட்டுன்னு அடிச்சு, மேற்கோள் குறிக்குள்ள எதை வச்சாலும் அப்படியே காட்டும். இந்தா பாருங்க." பள்ளிக்கூடத்தின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தார். கடைசியில் 'ரன்' என்று கொடுத்ததும் அது திரையில் வந்து நின்றது. "படம் வராது டீச்சர். அதுக்குப் பெரிய புரோக்ராம் எழுதணும். எனக்கு அவ்வளவு தெரியாது."

மேற்கோள் குறிக்குள் எதை வைத்தாலும் என்று அவர் சொன்னது என் காதிலேயே நின்றது. "நட்சத்திரக் குறி வருமா?"

"வரும்."

"ஒண்ணுமே அடிக்காம இடம் விட்டா?"

"இடம் விடும்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்துக் குவாரிக்காரர் மகளின் நோட்டைக் கேட்டேன். பத்து, இருபது, முப்பது என்று ஒரு வரிக்கு ஒரு நம்பர். காலிக்கு இடம், பூவுக்கு நட்சத்திரம். நோட்டில் இருபது வரி இருந்தால் இருபது தடவை அடித்தால் போதும். அதற்கு எந்த டிஸ்க்கும் வேண்டாம். பிள்ளைகள் மூன்று மாதமாகப் படித்துப் பழகியது அதைத்தான்.

அன்றே ஆரம்பித்தோம். ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் அரைகுறை. எந்தப் பட்டனில் என்ன இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போனது. ஆகவே வேண்டிய பட்டன்களில் மட்டும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். கணக்கு சார் பதறிப்போய், "மறுபடியும் பொட்டா?" என்றார்.

"இது காயாது சார்."

நட்சத்திரத்துக்கு இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும். தவில்காரர் மகள் இரண்டே நாளில் இடது விரலால் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது விரலால் மற்றதைத் தட்டும் வேகத்துக்கு வந்துவிட்டாள். ஒரே குறை, டிஸ்க் இல்லாததால் அடித்ததைச் சேர்த்துவைக்க வழியில்லை. பெட்டியை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். வெள்ளிக்கிழமை காலையில் புதிதாக அடித்து, ஆபீசர் வரும்வரை நிறுத்தாமல் வைத்திருக்க வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் ஹெட்மாஸ்டர் கோயில் கோபுரம் போடச் சொன்னார். ஆனால் குவாரிக்காரர் மகளின் நோட்டில் இருந்தது கோபுரம் அல்ல. தலையில் கூடையோடு நடந்துபோகும் ஒரு பெண். ஒரு கை கூடையைப் பிடித்திருக்கிறது, ஒரு கால் முன்னால் இருக்கிறது. இருபது வரிக்குள் அந்த நடையை எப்படிப் பிடித்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஹையர் பரீட்சை பாஸ் செய்த நான் அதை வரைந்திருக்க மாட்டேன். "இதுதான் சார்," என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர வேண்டிய ஆபீசர் அம்மா பதினொன்றரைக்குத்தான் பெரம்பலூரிலிருந்து ஜீப்பில் வந்தார். பத்து மணிக்கே நாங்கள் எல்லா வரியும் அடித்துத் தயாராக வைத்திருந்தோம். பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது. அவர் படியேறும்போது திரும்ப வந்தது. திரையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் மின்னியது.

ஹெட்மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மேடம், முதல்ல டிபன் சாப்பிட்டுட்டு..." என்று இழுத்தார்.

"டிபன் ஆச்சு சார். புள்ளைங்க என்ன பண்றாங்கன்னு பாக்கலாம்," என்று செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் குவாரிக்காரர் மகள் நோட்டை விரித்தாள். கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. "பத்தாம் நம்பர். காலி எட்டு, பூ ஆறு," என்று ஆரம்பித்தாள். தவில்காரர் மகளின் விரல் ஓடியது. "இருபதாம் நம்பர். காலி ஏழு, பூ எட்டு."

ஆபீசர் அம்மா என்னிடம் மெதுவாக, "என்ன சொல்றா? பூவா?" என்று கேட்டார்.

"நட்சத்திரத்துக்கு அவங்க வச்ச பேருங்க."

அவர் நோட்டுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, பிள்ளை சொல்லச் சொல்ல அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். வரி வரியாக ஏறிக்கொண்டே போனது. வாசலில் வகுப்பு முழுக்க நின்று உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே எண்ணியது. கடைசி வரி முடிந்ததும் தவில்காரர் மகள் 'ரன்' அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கறுப்புத் திரையில் வெள்ளைப் பூக்களால் ஆன பெண் வந்து நின்றாள். ஆனால் கூடையின் ஒரு வரி மட்டும் இரண்டு கட்டம் தள்ளிப்போய், கூடை ஒரு பக்கமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயய்யோ," என்றார் ஹெட்மாஸ்டர்.

"கூடை சாயுது," என்றாள் குவாரிக்காரர் மகள். நோட்டைக்கூடப் பார்க்கவில்லை. "முப்பதாம் நம்பர்டி. காலி ஆறு. நீ எட்டு வுட்டுட்ட."

"ஆறுன்னு நீ எங்க சொன்ன?"

"சொன்னேன். கரண்ட் போனதுலேருந்து ஒனக்குக் காது கேக்கல."

தவில்காரர் மகள் முறைத்துக்கொண்டே அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப அடித்தாள். மறுபடி 'ரன்'. கூடை நிமிர்ந்தது.

ஆபீசர் அம்மா நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டார். "முழுசா அடிக்க வேணாமா? அந்த ஒரு வரி போதும்னு யாரு சொன்னா ஒனக்கு?"

"அந்த வரிதானேங்க தப்பு?"

"சரிதான். யாரு இது, படத்துல?"

"எங்கம்மாங்க."

"கூடையில என்ன?"

"சுண்ணாம்புக் கல்லுங்க."

"பாவம், கஷ்டமான வேலை இல்ல?"

பிள்ளைக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "பாவமெல்லாம் இல்லீங்க. எங்கம்மா சாயங்காலத்துக்குள்ள ஒரு லாரியே ரொப்பிடுவாங்க. கூடை ஒரு நாளும் சாஞ்சது கெடையாது," என்றாள்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் அம்மாவும் அப்படித்தான் நடப்பாள். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். ஒரு தடவைகூட வரைந்ததில்லை. பரீட்சைக்குப் பூச்சாடி வரைந்தேன், மயில் வரைந்தேன்.

ஆபீசர் அம்மா எழுந்து, எதற்காகவோ பெட்டியில் டிஸ்க் செருகும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "டிஸ்க் எங்க?"

கணக்கு சார் என்னைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் சுவரைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ஆயுத பூஜை, சந்தனம், அளவெடுத்ததுபோல விழுந்த பொட்டு என்று ஒன்றையும் விடவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பெட்டிக்குள்ள எலுமிச்சம்பழமே வச்சாரு. நீங்க பரவால்ல," என்றார். பிறகு ஹெட்மாஸ்டரிடம் திரும்பி, "சார், இந்தப் புள்ளைங்க எந்தப் பீரியட்ல இதைக் கத்துக்கிட்டாங்க? கணக்கா?"

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "ஓவியம்ங்க மேடம்."

"அப்ப அதை விட்டுடாதீங்க. எண்ணத் தெரியுது, தப்பு எங்கன்னு தெரியுது. கணக்குல வேற என்ன வேணும்?" பார்வையாளர் பதிவேட்டை வாங்கி அதையே நாலு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஜீப் கிளம்பியதும் ஹெட்மாஸ்டர் என்னிடம் வந்தார். "அடுத்த ஆயுத பூஜைக்கு நீங்க அந்த ரூம் பக்கமே வரக் கூடாது, என்னா?" என்றார். அட்டவணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எழுதுகிறவள் நான்தானே?

ஆசிரியர்கள் அறையில் நாற்காலி போட்டு ஏறி, ஆணியிலிருந்து அட்டையை இறக்கினேன். நாலு வெள்ளைக் கட்டமும் அப்படியே இருந்தன. கறுப்பு மையை மூடிவைத்துவிட்டு, செம்மண்ணையும் முந்திரிப் பிசினையும் குழைத்து, தூரிகையால் நாலிலும் 'ஓவியம்' என்று எழுதினேன். கணக்கு சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கே டீச்சர்," என்றார்.

"இருக்கட்டும் சார்," என்று சொல்லி அட்டையை மாட்டினேன்.